டீப் பர்ப்பிள்: எந்த ‘மார்க்’ சிறந்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘மார்க் 2’, ‘மார்க் 3’ என்று ரசிகர்கள் பேசிக்கொள்கிறார்களே, அது என்ன கணக்கு?

டீப் பர்ப்பிள் 1968-ல் இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்டில் ஆரம்பித்த ராக் குழு. 1976-லிருந்து 1984 வரை கலைந்து கிடந்ததைத் தவிர, இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. ஆட்கள் மாறிக்கொண்டே இருந்ததால், கார் மாடலுக்கு எண் போடுகிற மாதிரி ஒவ்வொரு அணிக்கும் ஒரு எண் போட்டுவிட்டார்கள். இப்போது ஒன்பதாவது மார்க். எல்லா மார்க்கிலும் இருப்பவர் ஒரே ஒருவர், டிரம்ஸ் வாசிக்கும் இயன் பெய்ஸ். ரசிகர் சண்டைகளில் அவர் பெயர் மட்டும் அடிபடவே அடிபடாது, ஏனென்றால் அவரைக் குறை சொல்ல யாருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.

யார் எப்போது இருந்தார்கள்? சுருக்கமாக.

மார்க் 1 (1968–69): பாடகர் ராட் எவன்ஸ், கிதார் ரிச்சி ப்ளாக்மோர், ஆர்கன் ஜான் லார்ட், பேஸ் நிக் சிம்பர், டிரம்ஸ் பெய்ஸ். 1969-ல் எவன்ஸும் சிம்பரும் போய், ‘எபிசோட் சிக்ஸ்’ என்ற குழுவிலிருந்து இயன் கில்லனும் ராஜர் க்ளவரும் வந்தார்கள், அதுதான் பெரும்பாலானவர்களுக்குத் தெரிந்த மார்க் 2. 1973-ல் அந்த இருவரும் போக, டேவிட் கவர்டேலும் க்ளென் ஹியூஸும் வந்தது மார்க் 3. 1975-ல் ப்ளாக்மோர் விலகி டாமி போலின் வந்தது மார்க் 4. 1984-ல் மார்க் 2 மறுபடி கூடியது. 1990-ஐ ஒட்டி ஜோ லின் டர்னர் பாடியது மார்க் 5. ஜோ சட்ரியானி சில மாதங்கள் கிதாருக்கு வந்து உதவியது மார்க் 6. 1994-ல் ஸ்டீவ் மோர்ஸ் வந்தது மார்க் 7, 2002-ல் லார்டுக்குப் பதில் டான் ஐரி உட்கார்ந்தது மார்க் 8, 2022-ல் பெல்ஃபாஸ்ட்காரர் சைமன் மெக்ப்ரைட் கிதாரை எடுத்தது மார்க் 9.

சரி, எது சிறந்தது? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

1970 ஜூனில் ‘இன் ராக்’ ஆல்பம் வந்ததிலிருந்து 1972 ஆகஸ்டில் ஜப்பான் கச்சேரிகள் முடியும்வரை. அவ்வளவுதான், இரண்டு வருடம் சொச்சம்.

அது மார்க் 2 தானே? அப்படியே சொல்லிவிட வேண்டியதுதானே?

மாட்டேன். இந்தச் சண்டை முழுக்க தப்பான அளவுகோலை வைத்து நடக்கிறது என்பது என் கட்சி. எல்லாரும் ஆட்களை வைத்துக் காலத்தைப் பிரிக்கிறார்கள். ஆனால் அதே ஐந்து பேர்தான் ‘மெஷின் ஹெட்’ போட்டார்கள், அதே ஐந்து பேர்தான் பத்தே மாதம் கழித்து ‘ஹூ டூ வீ திங்க் வீ ஆர்’ என்ற களைத்துப்போன ஆல்பத்தையும் போட்டார்கள், அதே ஐந்து பேர்தான் 1987-ல் ‘த ஹவுஸ் ஆஃப் ப்ளூ லைட்’ போட்டார்கள், அதை நான் கடைசியாக எப்போது முழுதாகக் கேட்டேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. அவர்கள் மூன்று முறை கூடியதால் ரசிகர்களே 2ஏ, 2பி, 2சி என்று பிரித்துப் பேச வேண்டியதாகிவிட்டது. பெயர்ப் பட்டியல் மாறவில்லை, இசை மாறிவிட்டது. அப்படியென்றால் பட்டியலை வைத்து என்ன செய்வது?

என் அளவுகோல் வேறு: மேடையில் இவர்கள் ஒருவருக்கொருவர் பதில் சொல்லிக்கொண்டு வாசித்தார்களா, இல்லை ஆளாளுக்குத் தன் பாட்டுக்கு வாசித்துவிட்டுப் போனார்களா? லார்ட் தன் ஹேமண்ட் ஆர்கனை மார்ஷல் ஆம்ப்ளிஃபையர் வழியாக உறும விட்டதே ப்ளாக்மோரின் கிதாருக்குச் சரிக்குச் சரியாக நிற்கத்தான். ஆர்கனா கிதாரா என்று சில நொடிகள் காது தடுமாறுமே, அந்த இடங்கள்தான் டீப் பர்ப்பிள். அது இருக்கும் வருடங்கள் நல்ல வருடங்கள்.

மார்க் 1 கேட்க வேண்டியதில்லையா?

கேட்கலாம். சுமார் ஒன்றரை வருடத்தில் மூன்று ஆல்பம் போட்டார்கள், ‘ஹஷ்’ என்ற பாட்டு அமெரிக்காவில் 4-வது இடம் வரை போனது, ஆனால் அது ஜோ சவுத் எழுதியது, இவர்களுடையது இல்லை. அந்தக் காலத்து மற்றக் குழுக்களின் பாட்டை எடுத்து நீட்டி வாசிப்பதுதான் பாதி வேலை. எவன்ஸ் நல்ல பாடகர், குரல் மென்மையானது, அதுதான் பிரச்சினை. ப்ளாக்மோரும் லார்டும் சத்தத்தைக் கூட்ட விரும்பியபோது அந்தக் குரலால் மேலே வர முடியவில்லை. ‘ரிங் தட் நெக்’ என்ற பாடல்வரி இல்லாத துண்டை மட்டும் கட்டாயம் கேளுங்கள், பின்னால் வரப்போவது அதில் தெரியும்.

கில்லன் வந்ததும் முதல் வேலையே சிம்பொனியோடுதானா?

ஏறக்குறைய. 1969 செப்டம்பர் 24 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு, மால்கம் ஆர்னல்ட் நடத்த, லார்ட் எழுதிய ‘கன்செர்ட்டோ’ அரங்கேறியது. லார்ட் செவ்வியல் பியானோ படித்தவர், அவருக்கு அது கனவு. ப்ளாக்மோருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அடுத்து நம் வழியில் ஒரு முரட்டு ராக் ஆல்பம் போடுவோம், அதுவும் எடுபடாவிட்டால் நான் காலமெல்லாம் இசைக்குழுக்களோடு வாசிக்கிறேன் என்பதுபோல அவர் சொன்னதாகச் சொல்வார்கள். அந்த முரட்டு ஆல்பம்தான் ‘இன் ராக்’. இந்தக் கன்செர்ட்டோவின் எழுத்துப் பிரதி பிற்பாடு தொலைந்துபோக, மார்கோ டி கூய் என்ற டச்சு இசையமைப்பாளர் பதிவைக் கேட்டுக் கேட்டே திரும்ப எழுத உதவினார், 1999-ல் அதே அரங்கில் மறுபடி வாசித்தார்கள்.

‘சைல்ட் இன் டைம்’ திருடியதாமே?

அந்த ஆர்கன் மெட்டு ‘இட்ஸ் எ பியூட்டிஃபுல் டே’ என்ற சான் ஃபிரான்சிஸ்கோ குழுவின் ‘பாம்பே காலிங்’ என்ற வாத்திய இசையிலிருந்து வந்தது. கில்லனே ஒப்புக்கொண்ட விஷயம், ரகசியம் ஒன்றுமில்லை. அந்தக் குழுவும் சும்மா இருக்கவில்லை, ‘ரிங் தட் நெக்’ மெட்டை எடுத்துத் தங்கள் அடுத்த ஆல்பத்தில் போட்டுக்கொண்டது, கணக்கு நேர். ஆனால் மூலத்தையும் இதையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு ‘திருட்டு’ என்பவர்களிடம் எனக்கு ஒரே ஒரு கேள்விதான்: பத்து நிமிடப் பாட்டில் கில்லன் முனகலில் ஆரம்பித்து அலறலில் போய் முடிக்கிறாரே, அது எந்த மூலத்தில் இருந்தது?

இன்னொரு வேடிக்கை, 1995 ஏப்ரலில் இவர்கள் பம்பாயில் கச்சேரி செய்தார்கள், அப்போது மோர்ஸ் குழுவுக்குப் புதுசு. அந்தப் பதிவு பின்னால் வெளிவந்தபோது வைத்த பெயர் என்ன தெரியுமா, ‘பாம்பே காலிங்’!

‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ கதை உண்மையா?

வரிக்கு வரி உண்மை. 1971 டிசம்பரில் ‘மெஷின் ஹெட்’ பதிவு செய்ய ஸ்விட்சர்லாந்தின் மோன்த்ரோ ஊருக்குப் போனார்கள், ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்குச் சொந்தமான நடமாடும் ஸ்டூடியோ வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு. பதிவு நடக்க வேண்டிய இடம் ஊர் கேசினோ. டிசம்பர் 4 அன்று அங்கே ஃபிராங்க் ஸாப்பாவின் கச்சேரி, கூட்டத்தில் ஒரு ஆள் கூரையைப் பார்த்து ஃப்ளேர் துப்பாக்கியைச் சுட, கட்டடமே எரிந்துவிட்டது. ஏரிமேல் புகை படர்வதை இவர்கள் பார்த்தார்கள். அப்புறம் பெவிலியன் என்ற அரங்குக்குப் போனால், ராத்திரியில் இந்தச் சத்தத்தைக் கேட்டு அக்கம்பக்கத்தார் புகார் செய்ய, போலீஸ் வந்துவிட்டது. போலீஸ் கதவைத் தட்டுவதற்குள் பதிவானதுதான் அந்தப் பாட்டின் வாத்தியப் பகுதி. கடைசியில் குளிர்காலத்துக்காக மூடிக்கிடந்த கிராண்ட் ஓட்டலின் தாழ்வாரத்தில் மெத்தைகளை அடுக்கி மீதி ஆல்பத்தை முடித்தார்கள். வாசித்ததைத் திரும்பக் கேட்க வேண்டுமென்றால் அறைகள், பால்கனிகள் வழியாகச் சுற்றிக்கொண்டு கீழே வண்டிக்குப் போக வேண்டும். போகச் சோம்பல்பட்டு, கேட்காமலேயே அடுத்த பாட்டுக்குப் போனார்களாம். அந்த ஆல்பம் இவ்வளவு உயிரோடு இருப்பதற்கு இந்தச் சோம்பலும் ஒரு காரணம் என்பேன்.

பெயர் க்ளவருக்குத் தூங்கி எழும்போது தோன்றியது. பாட்டு சிங்கிளாக வந்தது 1973-ல்தான், அதற்குள் அவர் குழுவிலிருந்தே வெளியேறும் நிலைமை.

‘மெஷின் ஹெட்’டா, ‘மேட் இன் ஜப்பான்’னா?

‘மேட் இன் ஜப்பான்’. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

1972 ஆகஸ்ட் 15, 16 ஒசாகா, 17 டோக்கியோ, மூன்று நாள் கச்சேரியிலிருந்து எடுத்த ஏழு பாட்டு. நேரடிப் பதிவு வேண்டும் என்று கேட்டது ஜப்பான் கம்பெனி, குழுவுக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. மார்ட்டின் பர்ச் பதிவு செய்தார். ‘மெஷின் ஹெட்’டில் நாலரை நிமிடம் இருந்த ‘ஸ்பேஸ் டிரக்கின்’ இங்கே சுமார் இருபது நிமிடம், இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க அது ஒன்றுதான். ‘ஸ்ட்ரேஞ் கைண்ட் ஆஃப் வுமன்’ பாட்டில் ப்ளாக்மோர் கிதாரில் ஒன்று வாசிக்க, கில்லன் அதையே தொண்டையால் திருப்பிச் சொல்ல, அவர் இன்னும் உயரத்தில் வாசிக்க, இவர் அங்கேயும் போக, நம் கச்சேரியில் பாட்டுக்கும் வயலினுக்கும் நடக்கிற மாதிரி ஒரு போட்டி. நான் சொன்ன அளவுகோல் இதுதான். ஸ்டூடியோவில் பாட்டு நன்றாக இருக்கிறது, மேடையில் ஐந்து பேரும் நன்றாக இருக்கிறார்கள்.

உலகத்திலேயே அதிகச் சத்தம் போட்ட குழு என்ற பெயர் எப்படி வந்தது?

1972-ல் லண்டன் ரெயின்போ தியேட்டரில் 117 டெசிபல் அளந்தார்கள், கின்னஸ் புத்தகத்தில் ஏறியது, பார்வையாளர்கள் மூன்று பேர் மயங்கி விழுந்தார்கள் என்றும் எழுதியிருந்தது. பிறகு மற்றக் குழுக்கள் அதை முந்திவிட்டன. எந்தக் காலம் சிறந்தது என்பதற்கு இது ஆதாரம் இல்லை, ஆனாலும் யாராவது எடுத்துக்கொண்டு வருவார்கள்.

இவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்த குழுவைவிட்டு கில்லன் ஏன் போனார்?

களைப்பு. வருடம் முழுக்க ஊர் ஊராகக் கச்சேரி, நடுவில் ஆல்பம், உடம்புக்கு முடியாமல் போனாலும் ஓய்வு கிடையாது. அதோடு ப்ளாக்மோருக்கும் அவருக்கும் பேச்சே நின்றுவிட்டது. 1972 டிசம்பரிலேயே விலகல் கடிதம் கொடுத்துவிட்டு, 1973 ஜூன் கடைசியில் ஒசாகாவில் கடைசிக் கச்சேரி பாடினார், ‘மேட் இன் ஜப்பான்’ பிறந்த அதே ஊரில். க்ளவர் தானாகப் போகவில்லை, ப்ளாக்மோர் அவரையும் மாற்ற வேண்டும் என்று நின்றார். மூன்று மாதம் எல்லாருக்கும் விடுமுறை கொடுத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்று பிற்காலத்தில் குழுவில் இருந்தவர்களே சொன்னதுண்டு, எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

மார்க் 3 ரசிகர்கள் ஏன் இவ்வளவு முரட்டுத்தனமாக வாதாடுகிறார்கள்?

அவர்களிடம் ‘பர்ன்’ இருக்கிறது. 1974 பிப்ரவரியில் வந்த அந்த ஆல்பம் அதற்கு முந்தைய மார்க் 2 ஆல்பத்தைவிடத் தெளிவாக மேல், இதில் விவாதத்துக்கே இடமில்லை. கவர்டேல் வட இங்கிலாந்தில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த இளைஞர், பத்திரிகையில் விஷயம் பார்த்து விண்ணப்பித்தவர், பாடியபோது வயது 22. ஹியூஸ் ‘ட்ரபீஸ்’ குழுவிலிருந்து வந்தவர், பேஸும் வாசிப்பார், கவர்டேலைவிட உயரமாகப் பாடவும் செய்வார். இரண்டு குரல் சேர்ந்து வரும்போது கில்லன் இல்லாத குறை தெரியாது. ‘மிஸ்ட்ரீட்டட்’ பாட்டில் ப்ளாக்மோர் வாசித்திருப்பது அவர் வாழ்நாளிலேயே சிறந்த மெதுவான ப்ளூஸ் என்று சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

1974 ஏப்ரல் 6 அன்று ‘கலிஃபோர்னியா ஜாம்’ என்ற ராக் விழா, இரண்டு லட்சத்துக்கு மேல் கூட்டம். இருட்டும்வரை மேடை ஏறமாட்டேன் என்று ப்ளாக்மோர் அடம்பிடித்தார், ஏறியபின் தன் முகத்துக்கு நேரே வந்த டெலிவிஷன் கேமராவைக் கிதாரால் குத்தினார், ஆம்ப்ளிஃபையருக்குத் தீ வைக்கச் சொல்ல அது வெடித்தது. பார்க்க அட்டகாசம். ஆனால் கவனித்துக் கேளுங்கள், கடைசிப் பகுதியில் மற்ற நால்வரும் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். வருடக் கடைசியில் வந்த ‘ஸ்டார்ம்பிரிங்கர்’ ஆல்பத்தில் ஹியூஸின் ஃபங்க் மோகம் மேலே வர, அது ப்ளாக்மோருக்குக் கட்டோடு பிடிக்கவில்லை. 1975 ஏப்ரலில் பாரிஸ் கச்சேரியோடு போய், ‘ரெயின்போ’ குழுவை ஆரம்பித்தார். என் கணக்கில் மார்க் 3-ன் நல்ல காலம் ஒரு வருடம், அதற்குமேல் இல்லை.

மார்க் 4-ஐ ஏன் யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை?

கச்சேரிகள் கெட்டுப்போனதால். டாமி போலின் அயோவா மாநிலத்துப் பையன், டிரம்ஸ் மேதை பில்லி காபமின் ‘ஸ்பெக்ட்ரம்’ ஆல்பத்தில் வாசித்தபோது அவருக்கு வயது 21. ‘கம் டேஸ்ட் த பேண்ட்’ (1975) நல்ல ஆல்பம், ‘டீப் பர்ப்பிள்’ என்று அட்டையில் போடாமல் இருந்திருந்தால் இன்று எல்லாரும் கொண்டாடியிருப்பார்கள். ஆனால் போதைப்பழக்கம் அவரையும் ஹியூஸையும் பிடித்துக்கொண்டது. டோக்கியோவில் கை மரத்துப்போன நிலையில் போலின் மேடை ஏறினார், அந்தப் பதிவும் ஆல்பமாக வந்தது, பாவம். ரசிகர்கள் ப்ளாக்மோர் பெயரைக் கூவி அவரை நோகடித்தார்கள். 1976 மார்ச்சில் லிவர்பூலில் குழு முடிந்தது. அதே வருடம் டிசம்பர் 4 அன்று மியாமியில் போலின் இறந்தார், வயது 25.

ஆல்பத்தை வைத்துப் பார்த்தால் ‘ஸ்டார்ம்பிரிங்கர்’ஐவிட இது எனக்கு ஒரு படி மேல்.

1980-ல் ஒரு டீப் பர்ப்பிள் இருந்ததாமே? அது எந்த மார்க்?

எந்த மார்க்கும் இல்லை, போலி. மார்க் 1 பாடகர் ராட் எவன்ஸை மட்டும் முன்னால் நிறுத்திக்கொண்டு, மீதி எல்லாம் சம்பந்தமே இல்லாத ஆட்களாக, அதே பெயரில் மெக்சிகோ, அமெரிக்கா, கனடா என்று சுற்றினார்கள். வழக்குப் போட்டு 6,72,000 டாலர் தண்டம் விதிக்க வைத்தார்கள். எவன்ஸுக்கு மார்க் 1 ஆல்பங்களின் ராயல்ட்டியும் போனது. அதோடு மனிதர் பொதுவெளியிலிருந்தே காணாமல் போய்விட்டார்.

1984-ல் கூடியது பணத்துக்காகவா?

பணமும்தான். ஆனால் ‘பெர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்’ என்ற அந்தத் தலைப்புப் பாட்டைப் பணத்துக்காக மட்டும் எழுத முடியாது, லார்ட் ஆரம்பத்தில் தனியாக ஆர்கனை அழுத்துகிற அந்தச் சில நொடி ஒன்றே போதும். முதல் வருடம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் பழைய பகை திரும்பி வந்தது, கில்லன் 1989-ல் நீக்கப்பட்டார், 25-வது ஆண்டுக்காக 1992-ல் திரும்பக் கூப்பிட்டார்கள், 1993 நவம்பரில் பர்மிங்ஹாம் கச்சேரியில் ப்ளாக்மோர் கேமராக்காரர்மேல் தண்ணீரை வீசினார், சில நாளில் ஹெல்சின்கியோடு நிரந்தரமாகப் போய்விட்டார்.

இடையில் வந்த ஜோ லின் டர்னர்?

‘ரெயின்போ’வில் பாடியவர், அதனால் அந்த அணிக்கு ‘டீப் ரெயின்போ’ என்று கிண்டல் பெயர். ‘ஸ்லேவ்ஸ் அண்ட் மாஸ்டர்ஸ்’ (1990) கெட்ட ஆல்பம் இல்லை, வேறு யாரோ போட்ட ஆல்பம் மாதிரி இருக்கிறது.

ப்ளாக்மோர் இல்லாமல் அது டீப் பர்ப்பிளா?

இதைக் கேட்பவர்கள் ஒரு கூட்டல் போட்டுப் பார்க்க வேண்டும். ப்ளாக்மோர் இரண்டு தவணையும் சேர்த்து சுமார் 16 வருடம் இருந்தார். ஸ்டீவ் மோர்ஸ் 1994-லிருந்து 2022 வரை, சுமார் 28 வருடம். மனைவியின் உடல்நிலைக்காகத்தான் அவர் விலகினார், சண்டை போட்டு அல்ல, இந்தக் குழுவின் வரலாற்றில் இதெல்லாம் அபூர்வம்.

‘பர்பெண்டிகுலர்’ (1996) 1974-க்குப் பிறகு இவர்கள் போட்டதில் எனக்கு மிகவும் பிடித்தது. மோர்ஸ் அமெரிக்கர், ஒவ்வொரு சுரமும் சுத்தமாக விழும், ப்ளாக்மோரின் அந்த ஆபத்து இருக்காது. அது குறைதான், மறைக்க வேண்டாம். ஆனால் குழுவில் மறுபடி சிரிப்புச் சத்தம் கேட்கிறது, லார்டும் அவரும் ஒருவரையொருவர் கவனித்து வாசிக்கிறார்கள். ‘சம்டைம்ஸ் ஐ ஃபீல் லைக் ஸ்க்ரீமிங்’ கேட்டுவிட்டு வந்து பேசுங்கள்.

லார்ட் போனபிறகு?

இதுதான் என்னைப் பொறுத்தவரை உண்மையான எல்லைக்கோடு, 1975-உம் இல்லை 1993-உம் இல்லை. டான் ஐரி பிரமாதமான கலைஞர், ‘ரெயின்போ’விலும் ஓஸி ஆஸ்பர்னோடும் வாசித்தவர். 2013-ல் பாப் எஸ்ரின் தயாரித்த ‘நவ் வாட்?!’ ஆல்பத்தில் அவர் வாசிப்பு அருமை, அதற்கு முந்தைய ஜூலையில் இறந்துபோன லார்டுக்குத்தான் அந்த ஆல்பம் சமர்ப்பணம். ஆனால் கிதாரோடு மோதுகிற அந்த முரட்டு ஆர்கன் இப்போது பின்னால் நின்று அழகாகத் துணை போகிறது. கில்லனும் 2002-க்குப் பிறகு ‘சைல்ட் இன் டைம்’ பாடுவதில்லை, தொண்டை ஒத்துழைக்கவில்லை, அதை விட்டது சரியான முடிவு. மெக்ப்ரைட் வந்தபின் 2024-ல் வந்த ‘=1’ ஆல்பத்தில் கிதார் மறுபடி கொஞ்சம் கரடுமுரடாகியிருக்கிறது, எனக்குச் சந்தோஷம்.

ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் எந்தக் காலத்தை ஏற்றுக்கொண்டது?

2016-ல் எவன்ஸ், ப்ளாக்மோர், லார்ட், பெய்ஸ், கில்லன், க்ளவர், கவர்டேல், ஹியூஸ் எட்டுப் பேரைச் சேர்த்தார்கள். சிம்பர், போலின், மோர்ஸ், ஐரி பட்டியலில் இல்லை. இதை வைத்து வாதாடாதீர்கள், மார்க் 1 பாடகரைச் சேர்த்து அதே அணியின் பேஸ் கலைஞரை விட்டதற்கு யாரும் உருப்படியான காரணம் சொன்னதில்லை. ப்ளாக்மோர் விழாவுக்கே வரவில்லை.

புதிதாகக் கேட்கப் போகிறேன். எங்கே தொடங்கலாம்?

‘மேட் இன் ஜப்பான்’ முழுக்க, நல்ல ஹெட்ஃபோனில், ஒரே மூச்சில். பிடித்திருந்தால் ‘இன் ராக்’, ‘பர்ன்’, ‘பர்பெண்டிகுலர்’ என்று போகலாம். ‘ஸ்பேஸ் டிரக்கின்’ நீளம் என்று தாண்டிவிடத் தோன்றினால், மீதி ஆறு பாட்டு மட்டும் கேட்டுக்கொண்டு சந்தோஷமாக இருங்கள், இந்த எந்த மார்க் சண்டைக்குள் வர வேண்டாம்.